கிக்கர் வழுக்கியது ஏன்?

ட்ரயல்ஸ் வண்டிக்கு (பாறை, மேடுபள்ளங்களில் கால் ஊன்றாமல் ஓட்டும் போட்டி பைக்) கிக்கர்தான், அதாவது உதைத்து ஸ்டார்ட் பண்ணும் லீவர்தான் உயிர். பாறை நடுவில் எஞ்சின் நின்றால் தள்ளி ஸ்டார்ட் பண்ண இடமே இருக்காது. என் வண்டியில் உதைக்கும்போது லீவர் திடீரென்று வழுக்க ஆரம்பித்தது. உள்ளே ராட்செட் (ஒரு திசையில் மட்டும் கவ்வும் பல்சக்கரம்) பல் போய்விட்டது என்றுதான் பயந்தேன். கிளட்ச் கவரைத் திறப்பதற்கு முன், லீவர் மாட்டியிருக்கும் ஷாஃப்ட் (தண்டு) நுனியையும் லீவரையும் சேர்த்து ஒரு கோடு போட்டுவிட்டு உதைத்துப் பார்த்தேன். கோடு விலகியது! கோளாறு வெளியே, லீவரும் ஷாஃப்ட்டும் கோத்துக்கொள்ளும் பல்வரிசையான ஸ்ப்ளைனில்தான்.

லீவரைக் கழற்ற, அதை ஷாஃப்ட்டோடு இறுக்கும் போல்ட்டைத் தளர்த்தினால் போதாது, முழுசாக உருவ வேண்டும். என் வண்டியில் அது ஷாஃப்ட்டின் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஷாஃப்ட் பற்கள் நன்றாகவே இருந்தன. போல்ட்டை இறுக்கும்போது நெருங்கி ஷாஃப்ட்டைப் பிடிக்க வேண்டிய லீவரின் பிளவுதான் முழுக்க மூடிப்போயிருந்தது. போல்ட்டை எவ்வளவு முறுக்கினாலும் லீவர் ஷாஃப்ட்டைக் கவ்வாததற்கு அதுவே காரணம். அரத்தால் பிளவை லேசாக அகலப்படுத்தி, பற்களில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கைச் சுத்தமாகத் துடைத்தேன். போல்ட் மரையில் த்ரெட் லாக் (போல்ட் தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு.

மாட்டும்போது அவசரம் கூடாது. ஒரு பல் தள்ளிப்போனாலே லீவர் கால்மிதியில் இடிக்கும். கையால் கடைசிவரை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் இறுக்கினேன். மடங்கும் மூட்டுக்குக் கொஞ்சம் கிரீஸ்.

இப்போதெல்லாம் லீவரை மெல்ல அழுத்தி, பல் கோத்துக்கொண்ட பிறகே உதைக்கிறேன். எடுத்த எடுப்பில் ஓங்கி உதைத்தால் ராட்செட் முனைகள் மழுங்கிவிடும்.