ரன்-ஃப்ளாட்டா, சாதா டயரா? பழைய பி.எம்.டபிள்யூ வாங்கியவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

நாலைந்து வருஷம் ஓடிய பி.எம்.டபிள்யூ 3 சீரிஸோ மினியோ வாங்கியவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் வந்து நிற்கும் பெரிய செலவு டயர்தான். கடைக்குப் போனால், “சார், இது ரன்-ஃப்ளாட். நாலும் மாத்தணும்” என்று ஒரு தொகையைச் சொல்வார்கள். அதைக் கேட்டு நாம் திகைத்து நிற்கும்போதே பக்கத்தில் ஒருவர், “எதுக்கு சார், சாதா டயர் போட்டுட்டுப் போங்க. வண்டி பஞ்சு மாதிரி ஓடும்” என்பார். ரன்-ஃப்ளாட் என்றால் காற்று போன பிறகும் கொஞ்ச தூரம் ஓடக்கூடிய டயர். இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. குழப்பமும் அங்கேதான்.

என் கட்சி இது: விலையையும் சொகுசையும் அப்புறம் பார்க்கலாம். நடுவழியில் காற்று இறங்கினால் என்ன செய்யப் போகிறோம் என்பதை முதலில் தீர்மானியுங்கள். அது தெரிந்துவிட்டால் எந்த டயர் என்பதில் பெரிய சந்தேகம் மிஞ்சாது.

படி 1: இப்போது என்ன டயர் இருக்கிறது என்று பாருங்கள்

பழைய வண்டி என்றால் முந்தைய ஓனர் ஏற்கெனவே டயரை மாற்றியிருக்கலாம். அதனால் விற்றவர் சொன்னதை நம்பாமல், நான்கு டயரையும் குனிந்து படியுங்கள். ரன்-ஃப்ளாட் என்பதற்கு ஒவ்வொரு கம்பெனியும் தனி அடையாளம் வைத்திருக்கிறது. பிரிட்ஜ்ஸ்டோனில் ஆர்எஃப்டி, மிஷ்லினில் இசட்பி, கான்டினென்டலில் எஸ்எஸ்ஆர், குட்இயரில் ஆர்ஓஎஃப் என்ற எழுத்துகள் டயரின் பக்கவாட்டில் இருக்கும். வட்டத்துக்குள் ஆர்எஸ்சி என்று இருந்தாலும் அது ரன்-ஃப்ளாட்தான்.

இரண்டு இடத்தில் ஏமாறலாம். பி.எம்.டபிள்யூ அங்கீகரித்த டயரில் சின்ன நட்சத்திரக் குறி இருக்கும். அந்த நட்சத்திரம் மட்டும் ரன்-ஃப்ளாட் என்று அர்த்தமில்லை. மெர்சிடிஸ் டயரில் எம்ஓஇ என்றால் ரன்-ஃப்ளாட். வெறும் எம்ஓ என்றால் இல்லை. ஓர் எழுத்துதான் வித்தியாசம்.

அப்படியே அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். 225/50 ஆர்17 94டபிள்யூ என்று இருக்கும். 225 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 50 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது; இங்கே சுமார் 112 மி.மீ. 17 என்பது ரிம்மின் அங்குலம். 94 என்றால் ஒரு டயர் 670 கிலோ வரை தாங்கும். டபிள்யூ என்றால் மணிக்கு 270 கி.மீ. வேகம் வரை. முன்னும் பின்னும் ஒரே அளவா என்றும் பாருங்கள். சில வண்டிகளில் முன்னால் 225, பின்னால் 255 என்று இருக்கும்.

படி 2: காற்று போனால் எது என்ன ஆகும்?

சாதா டயரில் வண்டியின் எடையைத் தாங்குவது உள்ளே இருக்கும் காற்று. காற்று போனதும் பக்கச்சுவர் மடிந்து, ரிம் அதன்மேல் உட்கார்ந்து அறுக்கும். கொஞ்ச தூரம் ஓட்டினாலே டயர் குப்பைதான்.

ரன்-ஃப்ளாட்டில் பக்கச்சுவரின் உள்பக்கம் கெட்டியான ரப்பரை வைத்துத் தடிமனாக்கியிருப்பார்கள். காற்றே இல்லாவிட்டாலும் அந்தச் சுவர் வண்டியைத் தூக்கி நிறுத்தும். பொதுவாகச் சொல்லும் கணக்கு, மணிக்கு 80 கி.மீ. வேகத்துக்கு மிகாமல் 80 கி.மீ. தூரம். இந்த வரம்பு ஏன் என்று தெரிந்துகொள்வது நல்லது. நாம் பார்த்த 225/50 ஆர்17 டயர் 80 கி.மீ. வேகத்தில் நொடிக்குப் பத்து முறைக்கு மேல் சுற்றும். ஒவ்வொரு சுற்றுக்கும் அந்தச் சுவர் அழுந்தி நிமிர்கிறது. அந்த அழுத்தத்தில் சூடு ஏறுகிறது. ரப்பரைக் கெடுப்பது அந்தச் சூடுதான். ஐந்து பேரும் பெட்டிகளும் இருக்கும் வண்டியில், மே மாத மதிய வெயிலில், முழு 80 கி.மீ.யையும் எதிர்பார்த்துக் கிளம்பாதீர்கள்.

ரன்-ஃப்ளாட்டில் காற்று இறங்கினால் வெளியே இருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, டயர் சப்பையாகத் தெரியாது. அதனால்தான் டயர் பிரஷரைக் கண்காணித்து எச்சரிக்கும் அமைப்பு இல்லாத வண்டியில் ரன்-ஃப்ளாட் போடவே கூடாது. அந்த விளக்கு வேலை செய்யாமல் கிடந்தால், டயர் வாங்கும் முன் அதைச் சரிசெய்யுங்கள்.

படி 3: டிக்கியைத் திறங்கள்

டிக்கியின் தரை அட்டையைத் தூக்கிப் பாருங்கள். ஸ்டெப்னிக்கென்று குழி இருக்கிறதா? ரன்-ஃப்ளாட்டை நம்பி வடிவமைத்த பல வண்டிகளில் குழியே இருக்காது. சில வண்டிகளில் ஒல்லியான ஸ்டெப்னியைத் தரைக்கு மேலேயே கட்டி வைத்திருப்பார்கள். பாதி டிக்கி அதற்கே போய்விடும். ஸ்டெப்னி இல்லாவிட்டால் சட்டச் சிக்கல் வருமா என்று சிலர் கேட்பார்கள். பிரஷர் எச்சரிக்கை அமைப்பும் பஞ்சர் கிட்டும் உள்ள கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020-ல் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்திவிட்டார்கள்.

ஜாக்கி, வீல் ஸ்பேனர் இருக்கிறதா என்றும் பாருங்கள். அதோடு இன்னொன்று. நம் ஊர்க் கார்கள் பலவற்றில் நட்டு இருக்கும், பி.எம்.டபிள்யூவில் போல்ட். திருடாமல் இருக்க ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு போல்ட்டுக்குத் தனி வடிவத் தலை வைத்திருக்கலாம். அதைக் கழற்ற ஒரு சின்ன சாவித்துண்டு வேண்டும். பழைய வண்டி வாங்கும்போது அடிக்கடி காணாமல் போயிருப்பது அதுதான். அது இல்லாமல் ஸ்டெப்னி இருந்தும் பிரயோஜனமில்லை.

படி 4: உங்கள் ரோட்டை எழுதிப் பாருங்கள்

ஒரு தாளில் மூன்று கேள்விக்குப் பதில் எழுதுங்கள். அதிகம் ஓட்டுவது எங்கே? ராத்திரியில் எங்கெல்லாம் போகிறீர்கள், கூட யார் இருப்பார்கள்? நீங்களே சக்கரம் மாற்றுவீர்களா?

ஊருக்குள்ளேயே ஓட்டுபவருக்கு ரன்-ஃப்ளாட்டின் பெரிய பலன் கிடைப்பதில்லை. தெருவுக்குத் தெரு பஞ்சர் கடை இருக்கிறது, போன் செய்தால் ஆள் வருவார். அவருக்கு ரன்-ஃப்ளாட் கொடுப்பது இடுப்பு வலியும் ரிம் செலவும்தான். பக்கச்சுவர் விறைப்பாக இருப்பதால் பள்ளத்தின் அடி நேராக ரிம்முக்கும் சஸ்பென்ஷனுக்கும் போகிறது. மழைக்காலத்தில் தண்ணீர் நின்று ஆழம் தெரியாத குழியில் இறங்கினால் அலாய் ரிம் வளைவதோ விரிசல் விடுவதோ நடக்கும். அந்த அடியில் பக்கச்சுவரின் உள் இழைகள் அறுந்து புடைத்துக்கொண்டால் ரன்-ஃப்ளாட்டும் தப்பாது. புடைத்த டயரை மாற்றித்தான் ஆக வேண்டும்.

நெடுஞ்சாலைக் கதை வேறு. சென்னை–மதுரை போகிறீர்கள், பெரம்பலூர் பக்கத்தில் ஆணி ஏறி முழுக் காற்றும் இறங்கிவிட்டது. ரன்-ஃப்ளாட் என்றால் லாரிகள் பறக்கும் ஓரத்தில் இறங்கி நிற்காமல் திருச்சி வரை மெதுவாகப் போய்ச் சேர்ந்துவிடலாம். ராத்திரி நேரம், கூட வயதானவர்களோ கைக்குழந்தையோ இருந்தால் இதற்கு விலை சொல்ல முடியாது. ஆனால் போய்ச் சேர்ந்த பிறகு? உங்கள் அளவில் ரன்-ஃப்ளாட் அந்த ஊர்க் கடையில் இருக்க வேண்டுமே. பெரும்பாலும் ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டிவரும். செங்கல்பட்டுப் பக்கம் 2007 முதல் பி.எம்.டபிள்யூ தொழிற்சாலை ஓடுகிறது. இருந்தாலும் இந்த டயர்களில் பெரும்பாலானவை வெளிநாட்டிலிருந்து வர வேண்டியவை. 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு, நினைத்த பிராண்ட் நினைத்த நேரத்தில் கிடைப்பதில்லை.

ஆகவே என் முடிவு: ஊருக்குள் ஓட்டிவிட்டு எப்போதாவது வெளியூர் போகிறவர், சக்கரம் மாற்றத் தயங்காதவர் என்றால் சாதா டயரும் நல்ல ஏற்பாடும் போதும். ராத்திரியில் தனியாக நெடுஞ்சாலை ஓட்டுபவர், ஜாக்கியைத் தொடமாட்டேன் என்பவர், டிக்கி முழுசாக வேண்டும் என்பவர் ரன்-ஃப்ளாட்டிலேயே இருக்கட்டும். கூடுதல் பணம் வீணல்ல.

ஒரு இடைச்செருகல். உங்கள் வண்டியில் 225/45 ஆர்18 இருந்து, தூக்கிப்போடுவதுதான் பிரச்சினை என்றால், 17 அங்குல ரிம்முக்கு இறங்கி 225/50 ஆர்17 போட முடியுமா என்று விசாரியுங்கள். டயரின் மொத்த உயரம் கிட்டத்தட்ட அதேதான், மூன்று மி.மீ.தான் குறையும். ஆனால் பக்கச்சுவர் 11 மி.மீ. கூடும். உங்கள் மாடலுக்குக் கம்பெனியே 17 அங்குலம் கொடுத்திருக்கிறதா, சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் காலிப்பர் ரிம்மில் இடிக்காதா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

படி 5: சாதா டயர் என்றால், முதலில் வாங்க வேண்டியது டயர் அல்ல

முதலில் பஞ்சருக்கான ஏற்பாடு. மூன்று வழி உண்டு. ஒல்லி ஸ்டெப்னி (இதிலும் மணிக்கு 80 கி.மீ.தான் வரம்பு), டயருக்குள் ஊற்றும் சீலன்ட்டும் 12 வோல்ட் கம்ப்ரெஸரும், அல்லது ஓட்டைக்குள் பசையுள்ள ரப்பர் துண்டைத் (ஸ்ட்ரிப்) திணித்து அடைக்கும் டியூப்லெஸ் கிட். சீலன்ட் பாட்டிலில் காலாவதித் தேதி இருக்கும், பாருங்கள். சின்ன ஆணி ஓட்டைக்குத்தான் அது உதவும், பக்கச்சுவர் கிழிந்தால் உதவாது. கம்ப்ரெஸரோடு ஸ்ட்ரிப் கிட்டும் வைத்துக்கொள்வதுதான் எனக்குப் பிடித்த ஏற்பாடு. விலையும் குறைவு, இடமும் அடைக்காது. வெளியூர் ஓட்டம் அதிகம் என்றால் ஸ்டெப்னியும் வேண்டும்.

ஸ்ட்ரிப் வைப்பதை வீட்டு வாசலில், ஒரு பழைய டயரில் பழகிக்கொள்ளுங்கள். ஆணி எந்தச் சாய்வில் ஏறியிருக்கிறது என்று பார்த்துக் குறடால் இழுங்கள். அதே சாய்வில் அரம் போன்ற ஊசியை விட்டு நான்கைந்து முறை இழுத்து ஓட்டையைச் சொரசொரப்பாக்குங்கள். பசையுள்ள ஸ்ட்ரிப்பை மற்ற ஊசியின் காதில் பாதி வரை கோத்து, இரண்டு நுனியும் ஓர் அங்குலம் வெளியே நிற்கும்வரை பலமாக உள்ளே தள்ளி, ஊசியை மட்டும் வெடுக்கென்று உருவுங்கள். நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டி, காற்று பிடித்து, எச்சிலோ சோப்புத் தண்ணீரோ தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். தரையில் பதியும் பகுதியில் மட்டும்தான் இது. ஓரத்திலோ பக்கச்சுவரிலோ ஓட்டை என்றால் கை வைக்காதீர்கள்.

ரிம் மாற்ற வேண்டுமோ என்ற பயம் வேண்டாம். ரன்-ஃப்ளாட்டுக்கான ரிம்மில் சாதா டயர் தாராளமாக உட்காரும். மறுபக்கம்தான் சிக்கல்: சாதா ரிம்மில் ரன்-ஃப்ளாட் போடக் கூடாது. வண்டி இன்னும் வாரண்டியில் இருந்தால் சர்வீஸ் சென்டரில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

படி 6: ரன்-ஃப்ளாட் என்றால்

கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி, பஞ்சர் போடலாமா என்பது. ஆணி ஏறியும் காற்று இறங்காமல் சீக்கிரம் கவனித்துவிட்டால், உள்பக்கம் பேட்ச் போட அனுமதிக்கும் கம்பெனிகள் உண்டு. காற்றே இல்லாமல் ஓட்டிய டயரை மறுபடி போடாதீர்கள் என்பதுதான் பொதுவான அறிவுரை. உள்ளே சூட்டில் என்ன ஆனது என்று வெளியே தெரியாது. ஒரு பஞ்சருக்கு ஒரு டயர் போகலாம் என்பதையும் செலவுக் கணக்கில் சேருங்கள். விறைப்பான டயர் என்பதால் கழற்றி மாட்ட உதவிக் கையுள்ள மெஷின் வேண்டும். கடப்பாரையோடு வரும் ரோட்டோரக் கடைக்காரரிடம் கொடுத்து ரிம்மைக் கீறிக்கொள்ளாதீர்கள்.

படி 7: கடையில்

விலை கேட்கும்போது மாட்டுகூலி, பேலன்சிங், அலைன்மென்ட், புது வால்வு எல்லாம் சேர்த்து நான்கு டயருக்குக் கேளுங்கள். ரன்-ஃப்ளாட்டையும் சாதாவையும் ஒரே வண்டியில் கலக்காதீர்கள். இரண்டிரண்டாக மாற்றி ஒரு வருஷம் ஓட்டலாம் என்று கடைக்காரர் சொன்னாலும் வேண்டாம். முன்னும் பின்னும் வேறு மாதிரி வளைந்தால் திருப்பத்திலும் பிரேக்கிலும் வண்டி எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்ல முடியாது. நான்குக்கும் இப்போது காசில்லை என்றால், இருக்கும் வகையிலேயே இரண்டு வாங்குங்கள்.

94 இருந்த இடத்தில் 91 தந்தால் வாங்காதீர்கள். 91 என்பது 615 கிலோ. டயருக்கு 55 கிலோ குறைகிறது. டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. (டாட்) என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு எண்கள் தயாரித்த வாரமும் வருஷமும்: 2324 என்றால் 2024-ன் 23-வது வாரம். அதிகம் விற்காத அளவு என்பதால் ரன்-ஃப்ளாட்டில் பழைய சரக்கு தலையில் கட்டப்பட வாய்ப்பு அதிகம். மாட்டுவதற்கு முன்பே நான்கிலும் பாருங்கள், ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் சேர்த்து.

போல்ட்டை ஏர் கன்னில் முழுசாக இறுக்கவிடாமல், கடைசி முறுக்கை, குறித்த அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரென்ச்சில் போடச் சொல்லுங்கள். காற்று அளவு டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கிறது. “எல்லா வண்டிக்கும் 35 சார்” என்பதைக் கேட்காதீர்கள். காற்று பிடித்ததும் வண்டி மெனுவில் பிரஷர் எச்சரிக்கையை ரீசெட் செய்து, கொஞ்ச தூரம் ஓட்டி விளக்கு அணைந்ததா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

பழைய டயரைச் சும்மா விட்டுவிட்டு வராதீர்கள். பட்டன் (தரையில் பதியும் ரப்பர் கட்டைகள்) இன்னும் தேயாமல் நன்றாக இருந்து, புடைப்போ பேட்ச்சோ இல்லாத ரன்-ஃப்ளாட்டுக்கு வாங்க ஆள் உண்டு. எக்ஸ்சேஞ்சில் எவ்வளவு கழிப்பார்கள் என்று பில் போடும் முன்பே கேட்டுவிடுங்கள். பில் போட்ட பிறகு கேட்டால் கிடைப்பது அவர்கள் சொல்லும் விலைதான்.