டேட்டா திட்டம் எழுத உதவுகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

ஆய்வு மாணவர்களுக்கு டேட்டா மேனேஜ்மென்ட் பிளான், அதாவது ஆய்வில் சேரும் டேட்டாவை எப்படிச் சேமிப்பது, யாருக்குப் பகிர்வது என்று சொல்லும் திட்டம், எழுத உதவும் வேலைக்குப் புதுச்சேரி, கடலூர் பக்கம் புதிதாகச் சிலர் வருகிறார்கள். பழைய தவறுகளே திரும்ப நடக்கின்றன. பென் டிரைவை நம்பாதே, ஃபைலுக்கு ‘ஃபைனல் ஃபைனல்’ என்று பேர் வைக்காதே என்பதெல்லாம் தெரிந்ததுதான். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வெளிநாட்டு மாதிரியை ஒட்டுவது

அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை 2011இல் நிதி விண்ணப்பத்தோடு இரண்டு பக்கத்துக்குள் ஒரு திட்டம் கேட்கத் தொடங்கியது. அதற்காக எழுதிய மாதிரிகள் இணையத்தில் நிறையக் கிடைக்கும். எடுத்து ஒட்டினால் ‘பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் வைப்போம்’ என்று வரும். உங்கள் கல்லூரியில் அப்படி ஒன்று உண்டா? இல்லையென்றால் செனோடோ போன்ற இலவச இணையக் களஞ்சியம் ஒன்றைப் பேர் சொல்லி எழுதுங்கள்.

ஒப்புதல் படிவத்தைப் பார்க்காமல் திட்டம் எழுதுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் எரிச்சல் வரும். கடலூர் மீனவக் கிராமங்களில் சுருக்குமடி வலை பற்றி நேர்காணல் எடுத்த ஸ்காலர் ஒருவர் வந்தார். களப்பணி முடிந்துவிட்டது. கட்டுரையை ஏற்கும் நேரத்தில், டேட்டாவைப் பொதுவில் வைக்கச் சொல்கிறது இதழ். திட்டத்திலும் ‘பகிர்வோம்’ என்றுதான் இருக்கிறது. மீனவர்கள் கையெழுத்துப் போட்ட படிவத்தை வாங்கிப் பார்த்தேன். ‘நீங்கள் சொல்வது ஆய்வுக் குழுவைத் தாண்டிப் போகாது, ஆய்வு முடிந்ததும் அழிக்கப்படும்.’ இரண்டையும் எழுதியவர் ஒரே ஆள். எத்திக்ஸ் கமிட்டி படிவத்தை மட்டும் பார்த்தது, திட்டத்துக்கு உதவியவர் திட்டத்தை மட்டும் பார்த்தார்.

சரி, இனி என்ன செய்வது? வீடு வீடாகத் திரும்பப் போய்ப் புதுக் கையெழுத்து வாங்க வேண்டும். பாதிப் பேர் கடலில் இருப்பார்கள், சிலர் வேறு துறைமுகத்துக்குத் தொழிலுக்குப் போயிருப்பார்கள். “பேரை எடுத்துட்டுப் போட்டுடலாமே சார்” என்றார் அவர். எடுத்துப் பார்த்தோம். வயது 52, எட்டாம் வகுப்பு, இரண்டு ஃபைபர் படகு, ஊர்ப் பஞ்சாயத்தில் இருந்தவர். அந்த ஊர் டீக்கடையில் இதை வாசித்தால் ஆள் யாரென்று உடனே சொல்லிவிடுவார்கள். அதுவும் தமிழ்நாடு அரசு 2000இல் தடை செய்த வலை. விஷயம் வெளியே வந்தால் மாட்டிக்கொள்வது ஸ்காலர் இல்லை.

கடைசியில் ஆய்வு பற்றிய விவரக் குறிப்பை மட்டும் களஞ்சியத்தில் வைத்தோம். நேர்காணல்களைத் தர முடியாத காரணத்தை இதழுக்கு எழுதினோம், ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் அவ்வளவு உழைப்பில் சேர்த்ததை அடுத்து வருகிற யாரும் பயன்படுத்த முடியாது.

அதனால் ஸ்காலர் முதல் முறை வரும்போதே, எத்திக்ஸ் கமிட்டிக்குப் போகும் முன், ஒப்புதல் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். கலந்துகொள்ள, குரலைப் பதிவு செய்ய, அடையாளம் நீக்கிய டேட்டாவை மற்ற ஆய்வாளர்களுக்குத் தர, மூன்றுக்கும் தனித்தனியாக டிக் செய்யும் கட்டம் இருக்கட்டும். ‘அழித்துவிடுவோம்’ என்ற வரி பெரும்பாலும் பழைய படிவத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வருவது. அவசியம் இல்லையென்றால் அடித்துவிடச் சொல்லுங்கள்.

எக்செல்

சில ஜீன் பெயர்களை அது தேதியாக்கிவிடும். மனித ஜீன்களுக்குப் பேர் வைக்கும் குழுவே 2020இல் பெயர்களை மாற்றிக்கொண்டது. நீங்கள் டேட்டாவை ஏற்றும் முன்பே அந்த நெடுவரிசையை ‘டெக்ஸ்ட்’ என்று வைத்தால் போதும்.

பாமினி எழுத்துரு

இந்தப் பழைய எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் தமிழாகத் தெரியாது. யூனிகோடுக்கு மாற்றாமல் ஃபைலை வாங்காதீர்கள்.

பொறுப்பாளர் பேர் இல்லாத திட்டம்

வைவா முடிந்ததும் ஸ்காலர் கிளம்பிவிடுவார். பாஸ்வேர்டு அப்புறம் யாரிடம் இருக்கும்? ‘துறை’ என்று எழுதி முடித்துவிடாமல் ஓர் ஆளின் பேரைப் போடச் சொல்லுங்கள். அவர் ஓய்வு பெறும் ஆண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள்.