ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி: வீட்டிலும் மருத்துவமனையிலும் நாம் செய்யும் தவறுகள்

"வாயுதான், சோடா குடிச்சா சரியாயிடும்." மாரடைப்பில் பல உயிர்கள் போவது இந்தப் பேச்சில் கழியும் நேரத்தில்தான். இத்தாலியில் 11,712 பேரிடம் நடந்து 1986-ல் முடிவு வெளியான கிஸ்ஸி ஆய்வில், வலி தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள், இதய ரத்தக்குழாயை அடைக்கும் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஊசி பெற்றவர்களிடம் இறப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. நேரம் ஏற ஏற அந்தப் பலன் தேய்ந்துகொண்டே போனது. 12 மணி நேரம் தாண்டிவிட்டால் பொதுவாக இந்த ஊசியைப் போடுவதில்லை.

ஆகவே இசிஜி எடுக்கும் வசதி இல்லாத கிளினிக்குக்குப் போகாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். வழியில் "வலிக்கு ஒரு ஊசி" என்று இடுப்பில் போட்டுக்கொள்வது பெரிய தவறு. பிறகு கட்டியைக் கரைக்கும் மருந்து ஏறும்போது, தசையில் குத்திய அந்த இடத்தில் ரத்தம் கசிந்து வீங்கிவிடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'இதயம் காப்போம்' திட்டத்தில் தரும் 14 மாத்திரைகள் அவசியமானவை. ஆனால் அவை முதலுதவி மட்டுமே, அத்துடன் வீடு திரும்பக் கூடாது.

இந்த ஊசியால் மூளையில் ரத்தக்கசிவு வரலாம் என்று மருத்துவர் சொன்னதும் வீட்டார் பயந்துபோகிறார்கள். பயம் நியாயமானதுதான், நூற்றில் ஒருவருக்கு அப்படி நேரலாம். அதற்காக, ஊரிலிருந்து அண்ணன் வந்துதான் கையெழுத்துப் போடுவார் என்று காத்திருப்பது இதயத் தசையைச் சாகவிடுவதாகும். அந்த நேரத்தில் பக்கவாதம், தலைக்காயம், சமீபத்திய அறுவை சிகிச்சை, ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை எதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். முன்பு ஸ்ட்ரெப்டோகைனேஸ் போட்டிருந்தால் அதை மறுபடி போடக் கூடாது. உடலில் எதிர்ப்புப் பொருள் உருவாகியிருக்கும், மருந்து வேலை செய்யாமல் போகலாம், ஒவ்வாமையும் வரலாம். கட்டியைக் கரைக்கும் இன்னொரு மருந்தான டெனெக்டெப்ளேஸுக்கு அந்தச் சிக்கல் இல்லை. பழைய டிஸ்சார்ஜ் சீட்டு இங்கேதான் கைகொடுக்கும்.

நான் அதிகம் கவலைப்படுவது அடுத்ததைப் பற்றி. வலி நின்றதும் "சரியாயிடுச்சு" என்று எழுதிக்கொடுத்துவிட்டுக் கிளம்புகிறார்கள். ஊசி போட்டு 60 முதல் 90 நிமிடத்தில் இன்னொரு இசிஜி எடுப்பார்கள். அதில் போதிய மாற்றம் இல்லையென்றால் உடனே ஆஞ்சியோபிளாஸ்டி (பலூன் வைத்து அடைப்பைத் திறக்கும் சிகிச்சை) வேண்டும். கட்டி கரைந்திருந்தாலும் ரத்தக்குழாயில் அடைப்பு மிச்சமிருக்கும் என்பதால் 2 முதல் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோகிராம் (இதய ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் பரிசோதனை) பார்ப்பதே முறை. சிறிய மருத்துவமனைகளைப் பெரிய இதய மையங்களோடு இணைத்துத் தமிழ்நாட்டில் நடத்திய ஆய்வின் முடிவு 2017-ல் வெளியானது. அதில் ஆஞ்சியோகிராம் செய்துகொண்டவர்கள் 35 சதவீதத்திலிருந்து 60.8 சதவீதமானார்கள், ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தார்கள்.

ஊசி போட்ட இடத்தில் ஆஞ்சியோ வசதி இல்லையென்றால், எங்கே, எத்தனை மணிக்கு அனுப்புவார்கள் என்று அப்போதே கேளுங்கள். இசிஜி தாளையும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.