அலுவலகக் கட்டடத்தின் ஏ.சி. டக்டைச் சுத்தம் செய்யும் முறை: புதிதாகத் தொழிலுக்கு வருபவர்களுக்கு

டக்டை, அதாவது குளிர்ந்த காற்றை அறைகளுக்குக் கொண்டுசெல்லும் தகட்டுக் குழாயை, சுத்தம் செய்வது என்றால் உள்ளே பிரஷ் விட்டுத் தூசியைத் தட்டுவது என்று நினைத்துத்தான் பலர் இந்த வேலைக்கு வருகிறார்கள். நானும் அப்படித்தான் வந்தேன். தொடக்க நாட்களில் ஓர் அலுவலகத்தில் உறிஞ்சும் இயந்திரத்தை இணைக்கும் முன்பே பிரஷை ஓட்டிவிட்டேன். மறுநாள் காலை அந்தத் தளத்தின் வெள்ளை மேசைகள் அனைத்திலும் மாவு சலித்ததைப் போலக் கரும்பொடி படிந்திருந்தது. தூசியை இடம் மாற்றுவது சுத்தம் ஆகாது, அது கட்டடத்தை விட்டே வெளியேற வேண்டும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

முதல் படி, பார்வையிடுதல். காற்று வெளிவரும் வாயில் உள்ள கம்பி மூடிகளான கிரில்களில் நான்கைந்தைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். நீளமான டக்டுகளுக்குக் கேமரா தேவைப்படும். பூஞ்சை, எலிப் புழுக்கை, காற்றோடு வெளியே வரும் துகள்கள் ஆகியவை தென்பட்டால் வேலை அவசியம். காற்றைப் பரப்பிவிடும் வாயான டிஃப்யூசரைச் சுற்றி ஃபால்ஸ் சீலிங்கில் படியும் கறுப்பு வளையத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், ஏனெனில் அது பெரும்பாலும் அறைக்காற்றில் உள்ள தூசி, வீசும் காற்றால் இழுக்கப்பட்டு அங்கே ஒட்டுவதுதான். தேவையில்லாத இடத்தில் வேலை வேண்டாம் என்று வாடிக்கையாளரிடம் சொல்லும் துணிவும் இத்தொழிலில் வேண்டும்.

அடுத்து, ஆயத்தம். ஆட்கள் இல்லாத இரவையோ ஞாயிற்றுக்கிழமையையோ தேர்ந்தெடுங்கள். காற்றைக் குளிர்வித்து டக்டுக்குள் தள்ளும் இயந்திரமான ஏ.எச்.யூ.வின் மின் இணைப்பைத் துண்டித்துப் பூட்டுப் போட்டு, சாவியை உங்கள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். டக்டுக்குள் புகை உணரும் கருவி இருந்தால் தீயணைப்பு அலாரத்தைக் கவனிப்பவருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் மடலான டேம்பர் ஒவ்வொன்றும் எந்த நிலையில் உள்ளது என்பதை மார்க்கரால் குறித்துவையுங்கள். மேசை, கணினிகளை மூடியபின், கிரில்களைப் பாலித்தீன் தாளால் அடைத்து, எத்தனை அடைத்தீர்கள் என்ற எண்ணிக்கையை எழுதிவையுங்கள்.

இனி இந்த வேலையின் உயிர்நாடிக்கு வருவோம். டக்டின் ஒரு பகுதியைப் பிரித்தடைத்து, அதன் ஒரு முனையில் தகட்டை வெட்டித் திறப்பு உண்டாக்கி, ஹெப்பா ஃபில்டர் பொருத்திய உறிஞ்சும் இயந்திரத்தை இணைக்க வேண்டும். 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 சதவீதத்தை அந்த ஃபில்டர் பிடித்துவிடும் என்பதால், இயந்திரம் வெளிவிடும் காற்று அறையை அழுக்காக்காது. இயந்திரம் ஓடத் தொடங்கியதும் மறுமுனைத் திறப்பில் ஒரு டிஷ்யூ தாளைப் பிடித்துப் பாருங்கள்: அது உள்நோக்கி இழுக்கப்பட்டால் மட்டுமே பிரஷைத் தொடலாம், தொங்கிக்கொண்டோ வெளியே படபடத்துக்கொண்டோ இருந்தால் எங்கோ காற்று கசிகிறது, அதை முதலில் அடையுங்கள்.

பிரஷைத் தொலைவிலிருந்து இயந்திரத்தை நோக்கிக் கொண்டுவர வேண்டும். ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தகட்டுக்குச் சுழலும் பிரஷும், அழுத்தக் காற்றால் துள்ளித் தூசியைத் தட்டும் காற்றுச் சாட்டையும் பொருந்தும். உட்புறத்தில் கிளாஸ் வூல் (கண்ணாடி இழைப் பஞ்சு) ஒட்டியிருந்தால் கடினமான பிரஷ் அதன் இழைகளைப் பிய்த்துவிடும் என்பதால், மென்மையான பிரஷும் வேக்குவமும் போதும். நனைந்து பூஞ்சை பிடித்த இன்சுலேஷனைச் சுத்தம் செய்ய முயலாமல் மாற்றிவிடுங்கள்.

டக்டோடு நிறுத்துபவர்கள் பாதி வேலையைத்தான் முடிக்கிறார்கள். ஈரமும் அழுக்கும் ஒன்றுசேரும் இடம் ஏ.எச்.யூ.வில் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயிலும், அதிலிருந்து சொட்டும் நீரைப் பிடிக்க அதன் கீழுள்ள டிரெயின் தட்டும்தான். காயிலின் அலுமினியத் தகடுகள் விரலால் அழுத்தினாலே வளையும் அளவுக்கு மெல்லியவை. ஆகவே குறைந்த அழுத்தத் தண்ணீரை, காற்று செல்லும் திசைக்கு எதிர்த்திசையில் செலுத்துங்கள். அலுமினியத்தை அரிக்கும் அமிலக் கரைசல்களைத் தவிர்த்துவிடுங்கள். பிறகு தட்டில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, அது தேங்காமல் வடிகிறதா என்று நின்று கவனியுங்கள். ஃபேன் இறக்கைகளையும் துடைத்துப் புதிய ஃபில்டர் போடுங்கள். கிருமிநாசினியைப் புகையாகப் பரப்புவதே சுத்தம் என்று விற்பவர்கள் உண்டு. அழுக்கை அகற்றாமல் அதன்மேல் மருந்து தெளிப்பதால் பயனில்லை.

வெட்டிய திறப்புகளைத் தகட்டால் மூடி, சீலன்ட் பூசி, வெளி இன்சுலேஷனையும் இடைவெளியின்றி ஒட்டுங்கள். சென்னை போன்ற ஈரப்பதம் மிகுந்த ஊரில் கையளவு இடைவெளி இருந்தாலும் அங்கே நீர் கோத்து ஃபால்ஸ் சீலிங்கில் சொட்டத் தொடங்கும்.

பிறகு சோதனை. அமெரிக்காவின் தேசிய ஏர் டக்ட் கிளீனர்ஸ் சங்கமான நாட்காவின் தரநிலைப்படி, உறிஞ்சு சோதனையில் 100 சதுர சென்டிமீட்டருக்கு 0.75 மில்லிகிராமுக்கு மேல் தூசி மிஞ்சக்கூடாது. அந்தச் சோதனைக்கான கருவி இல்லாதவர்கள், வேலைக்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில் எடுத்த படங்களையாவது வாடிக்கையாளரிடம் கொடுங்கள். டேம்பர்கள் குறித்த நிலைக்குத் திரும்பினவா, தீப்பிடித்தால் டக்டை மூடும் தீத்தடுப்பு டேம்பர்கள் திறந்தே இருக்கின்றனவா என்று பாருங்கள். ஏ.எச்.யூ.வை இயக்கும் முன், கழற்றிய பாலித்தீன் தாள்களை எண்ணி முதலில் எழுதிய எண்ணோடு ஒப்பிடுங்கள். ஒன்று குறைந்தாலும் தேடிக் கண்டுபிடித்த பிறகே பூட்டைத் திறக்க வேண்டும்.