ஷிரகவாகோ பற்றி எழுதுகிறீர்களா? பனியோடு நின்றுவிடாதீர்கள்

ஜப்பானின் மலைக்கிராமங்களைப் பற்றிப் புதிதாக எழுதுகிறவர்களின் கட்டுரைகளைத் திருத்திக் கொடுக்கிறேன். அதிகம் வருவது கிஃபு மாநிலத்து ஷிரகவாகோதான். எழுத்துப்பிழைகளை விடுங்கள், யாரும் பிடித்துவிடலாம். கட்டுரையையே கவிழ்க்கிற தவறுகள் வேறு.

எல்லாவற்றுக்கும் பனியைக் காரணம் சொல்வது

"பனி கொட்டும் ஊர், அதனால் கூரை செங்குத்து." எத்தனை கட்டுரைகளில் படித்தாலும் இன்னும் எரிச்சல் வருகிறது. பொய்யில்லை, பாதி உண்மை. பனி சறுக்கி விழச் சாய்வு போதும். புல் வேய்ந்த இந்த வீடுகளுக்கு மூன்று, நான்கு தளம் உயரம் எதற்கு? ஒரு இளைஞரிடம் இதைக் கேட்டேன், பதில் இல்லை. ஊரார் நெல் விளைவித்துச் செழித்ததாகவும் எழுதியிருந்தார். அச்சுக்குப் போகவேண்டிய வாரத்தில் பாதிக் கட்டுரையை அவர் மறுபடி எழுத வேண்டியதாயிற்று.

ஷிரகவாகோ உள்ள ஷிரகவா ஊராட்சியின் பரப்பில் 90 சதவீதத்துக்கு மேல் காடு. ஷோ ஆற்றங்கரையில் கிடைக்கும் கொஞ்சம் சமவெளியில் பெரிதாக நெல் எங்கே விளையும்? பிழைப்பு வேறு வழியில் வந்தது. பரண் தளங்களில் பட்டுப்புழு வளர்த்தார்கள். கூரை உயர்ந்ததும், இரண்டு முக்கோண முகப்புகளிலும் சன்னல் வைத்ததும் புழுவுக்கு இடமும் வெளிச்சமும் காற்றும் வேண்டித்தான். கீழே கணப்பு எரியும். அதன் சூடு மேலே ஏறிப் புழுவைக் காக்கும்; புகை வேய்ந்த புல்லையும் கட்டிய கயிற்றையும் பூச்சியிடமிருந்து காக்கும்.

அப்புறம் தரைக்கடியில் பாருங்கள். கணப்புக்குப் பக்கத்தில் குழி தோண்டி, மண்ணையும் செடிகளையும் பட்டுப்புழு எச்சத்தையும் அடுக்கடுக்காகப் போட்டு ஆண்டுக்கணக்கில் மக்கவிடுவார்கள். பிறகு அந்த மண்ணை நீரில் கரைத்து வடித்துக் காய்ச்சினால் வெடியுப்பு, அதாவது வெடிமருந்தின் மூலப்பொருள். பக்கத்துக் கோகயாமாவில் செய்தது காகா நாட்டு மயேதா பிரபுக்களுக்குப் போனது. மேல்தளத்துக் கழிவு கீழ்க்குழிக்குச் சரக்கு! வீடே ஒரு தொழிற்சாலையாக இருந்திருக்கிறது. மெய்ஜி காலத்தில் (1868–1912) வெளிநாட்டு வெடியுப்பு வந்ததும் ஒரு தொழில் முடிந்தது. பட்டும் பின்னால் நொடித்தது. பனியை மட்டும் பிடித்துக்கொண்டவர்களால் இந்த வீடுகள் ஏன் குறைந்தன என்பதைச் சொல்லவே முடியாது.

வீடுகள் "ஆயிரம் ஆண்டுப் பழமை" என்பது

இல்லை. ஊராட்சியின் முக்கியக் குடியிருப்பான ஒகிமாச்சியில் இன்று நிற்பவற்றில் பெரும்பாலானவை எடோ காலத்தின் (1603–1868) பிற்பகுதியிலும் மெய்ஜி காலத்திலும் கட்டியவை.

ஹெய்கே வீரர்கள் தப்பி வந்து குடியேறிய கதை

ஹெய்கே என்பது 12-ம் நூற்றாண்டுப் போரில் தோற்ற குலம். அவர்கள் இங்கே வந்தது செவிவழிக் கதை. கதையென்றே எழுதுங்கள்.

1586-ஐ விட்டுவிடுவது

அந்த ஆண்டு வந்த தென்ஷோ நிலநடுக்கத்தில் மலை சரிந்து கயெரிகுமோ கோட்டை மண்ணுக்குள் போனது. இப்பகுதியை ஆண்ட உச்சிகஷிமா குடும்பமும் அதோடு அழிந்தது. புவியியலை ஒரு பக்கமும் வரலாற்றை ஒரு பக்கமும் பிரித்து எழுதுகிறவர்கள் இதை எங்கே வைப்பதென்று தெரியாமல் தவறவிடுகிறார்கள்.

ஊராட்சியும் உலகப் பாரம்பரியமும் ஒன்றென நினைப்பது

ஷிரகவா ஊராட்சி 350 சதுர கிலோமீட்டருக்கு மேல். 1995-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது அதற்குள் இருக்கும் ஒகிமாச்சி என்ற ஒரு குடியிருப்பு மட்டும். கூடவே சேர்ந்த அய்னோகுரா, சுகனுமா இரண்டும் பக்கத்து டொயாமா மாநிலத்துக் கோகயாமாவில் உள்ளவை. ஊராட்சியின் மக்கள்தொகையை ஒகிமாச்சிக்குப் போட்டுவிடாதீர்கள்.

ரயில்

ஷிரகவாகுச்சி நிலையத்தில் இறங்காதீர்கள். அது அதே மாநிலத்தில் தெற்கே உள்ள வேறொரு ஷிரகவா. நீங்கள் தேடும் ஊருக்கு ரயிலே கிடையாது. தகயாமாவிலிருந்தோ கனசாவாவிலிருந்தோ பேருந்துதான்.