வெப்பமண்டலத் தீவுக்கு வீடு மாற்றும்போது எதை ஏற்றுவது, எதை விற்பது

தீவுக்குக் குடிபோகிறவர்கள் பெரும்பாலும் வீட்டுச் சாமான்களை விலை உயர்ந்தது, மலிவானது என்று இரண்டாகப் பிரித்து, முதல் வகையைக் கப்பலில் ஏற்றிவிடுகிறார்கள். அந்தக் கணக்கு அங்கே செல்லாது. ஆண்டில் பெரும்பகுதி 70, 80 சதவீதத்தில் நிற்கும் ஈரப்பதம், கடலிலிருந்து வீசும் உப்புக்காற்று, அந்த ஊர் மின்சாரம் ஆகிய மூன்றும்தான் ஒரு பொருளின் ஆயுளை முடிவுசெய்யும். பெரிய விலை கொடுத்து வாங்கிய தோல் சோபா ஒரே மழைக்காலத்தில் பூசணம் பூத்துவிடும். பழைய தேக்கு மேசைக்கு ஒன்றும் ஆகாது.

ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று கேள்விகள் கேளுங்கள். அந்தக் காற்றை இது தாங்குமா? பழுதானால் அங்கே பார்க்க ஆளும் உதிரிபாகமும் கிடைக்குமா? ஏற்றுக்கூலியும் சுங்கத்தீர்வையும் சேர்த்தபிறகும் அங்கே புதிதாக வாங்குவதைவிட மலிவா? முதல் கேள்விக்கே ‘இல்லை’ என்றால் மற்ற இரண்டுக்கும் வேலையில்லை.

வீடு முடிவாகாமல் பட்டியல் போட உட்காராதீர்கள். காற்றில் வரும் உப்பு கரையிலிருந்து முதல் சில நூறு மீட்டருக்குள்ளேயே வெகுவாகக் குறைந்துவிடும். அதனால் அலையோசை கேட்கிற வீட்டுக்கும் ஊருக்குள் இருக்கிற வீட்டுக்கும் பட்டியலே வேறு. ஏசி எத்தனை அறைக்கு இருக்கிறது, கட்டில் பீரோவோடு வாடகைக்குத் தருகிறார்களா, மாடிப்படியின் அகலம் என்ன என்று கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

மின்சாரம்

சில தீவுகளில் 220–240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். சிலவற்றில் 110–127 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இரண்டும் கலந்த இடங்களும் உண்டு. ஒவ்வொரு கருவியின் பின்னாலோ அடியிலோ இருக்கும் தகட்டைப் படியுங்கள். ‘100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்’ என்றிருந்தால் எங்கேயும் ஓடும். பிளக்கை மாற்றினால் போதும். லேப்டாப், போன் சார்ஜர்கள் அநேகமாக இந்த வகை. ‘230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்’ என்று மட்டும் இருந்தால் அதே மின்சாரமுள்ள இடத்துக்கு மட்டுமே அதை எடுத்துப்போகலாம்.

டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிச் சமாளிக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது வோல்ட்டை மாற்றுமே தவிர ஹெர்ட்ஸை மாற்றாது. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த சாதாரண மாறுதிசை மின்சார மோட்டார் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும், கூடுதலாகச் சூடாகும். பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர்கள் இப்படித்தான் கருகுகின்றன. அயர்ன் பாக்ஸ், கெட்டில், ஹேர் டிரையர் போன்ற சூடாக்கும் சாதனங்களுக்கு ஹெர்ட்ஸ் பெரிய விஷயமில்லை. ஆனால் 2,000 வாட் தாங்கும் டிரான்ஸ்ஃபார்மர் அந்தக் கெட்டிலைவிட விலையும் கனமும் கூடியது. மின்சாரம் வேறாக இருந்தால் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷினை விற்றுவிடுங்கள். ஒத்துப்போனாலும், அந்தக் கம்பெனிக்கு அங்கே சர்வீஸ் உண்டா என்று விசாரித்த பிறகே ஏற்றுங்கள். நல்ல சர்ஜ் புரொடெக்டர்கள் மட்டும் அவசியம். சிறிய தீவுகளின் மின்வலையில் வோல்டேஜ் ஏறி இறங்குவது சகஜம்.

காற்று என்ன செய்யும்

தோல், ரெக்சின் இரண்டையும் விட்டுவிடுங்கள். தோலில் பூசணம் பிடிக்கும். ரெக்சினின் பாலியூரித்தேன் பூச்சு ஈரத்தில் சிதைந்து செதில் செதிலாக உரியும். ஷூக்களின் அடிப்பாகத்துக்கும் இதே கதிதான். போடாமல் பெட்டிக்குள் வைத்திருந்தாலும் நடக்கும். சோதித்துப் பார்ப்பது எளிது. அடிப்பாகத்தின் ஓரத்தைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள். பிசுபிசுத்தாலோ, பொடி உதிர்ந்தாலோ, நகம் பதிந்த இடத்தில் விரிசல் தெரிந்தாலோ அது ஏற்கெனவே சிதையத் தொடங்கிவிட்டது. ரப்பர் அல்லது ஈவிஏ என்ற இலேசான நுரைப் பிளாஸ்டிக் அடிப்பாகம் உள்ளவை பரவாயில்லை.

மரச்சாமான்களில் தேக்கு மாதிரி கெட்டி மரம் மட்டும் வரட்டும். பார்ட்டிகிள் போர்டு, எம்டிஎஃப் அலமாரிகள் ஓரத்தில் நீர் ஏறி உப்பும். பிறகு ஸ்க்ரூ பிடிக்காது. அதுவும் ஒருமுறை கழற்றி மாட்டியதென்றால் கப்பல் பயணத்தையே தாங்குவது கஷ்டம். மென்மரச் சாமான்களில் கரையான், உளுப்பு அபாயம் அதிகம். மெமரி ஃபோம் மெத்தை சூட்டைப் பிடித்துவைக்கும், அடியில் காற்றோட்டம் இல்லாவிட்டால் பூசணமும் பிடிக்கும். மெத்தையை அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

உலோகப் பொருள்களுக்குக் கையில் ஒரு காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீல் சாமானில் காந்தம் நன்றாக ஒட்டினால் அதில் பெரும்பாலும் நிக்கல் இல்லை. உப்புக்காற்றில் சீக்கிரம் புள்ளி விழும். 304 தர ஸ்டெயின்லெஸ் வீட்டுக்குள் போதும். வெளியே வைக்கும் பொருளுக்கு மாலிப்டினம் கலந்த 316 தேவை. கத்தி, ஊசி, கத்தரிக்கோலைக் காந்தத்தை வைத்து ஒதுக்கிவிடாதீர்கள். அவற்றைத் துடைத்து எண்ணெய் தடவி வைத்தால் போதும். இரும்பு ஹேங்கர்கள் துணியில் துருக்கறை போடும் என்பதால் பிளாஸ்டிக் போதும். எலாஸ்டிக் உள்ள உள்ளாடைகள் சீக்கிரம் தளர்ந்துபோகும். புதிதாகக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். துணிகளில் மெல்லிய பருத்தி, லினன் போதும். கம்பளி ஒரு செட் மட்டும், குளிரூருக்குப் போகும் பயணத்துக்காக.

கேமரா லென்ஸ் வைத்திருப்பவர்கள் அதிகக் கவனமாக இருக்க வேண்டும். பூஞ்சை லென்ஸின் உள்பக்கம் நூல்நூலாகப் படரும். அது வெளிவிடும் அமிலம் கண்ணாடியின் பூச்சை அரித்துவிட்டால் சுத்தம் செய்தாலும் தடம் போகாது. ரப்பர் விளிம்புள்ள காற்றுப்புகாத டப்பா, ஒரு சின்ன ஈரப்பத மீட்டர், சிலிகா ஜெல் மூன்றையும் வாங்கி உள்ளே 40–50 சதவீதத்தில் நிறுத்துங்கள். ஆரஞ்சு நிற ஜெல் அடர்பச்சை ஆனதும் ஓவன் அடுப்பில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் பழைய நிறத்துக்கு வரும். பழைய போட்டோக்களை ஸ்கேன் செய்துவிட்டு அசலை வறண்ட ஊரில் இருக்கும் உறவினரிடம் ஒப்படையுங்கள். ஈரத்தில் பளபளப்பான படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்; பிரிக்க முயன்றால் படம் கிழியும். புத்தகங்களில் திரும்பத் திரும்பப் படிப்பதை மட்டும் எடுங்கள். ராமபாணப் பூச்சிக்குக் காகிதமும் பசையும் விருந்து.

எதை அவசியம் கொண்டுபோக வேண்டும்? உங்கள் அளவுக்குத் தைத்த, அங்கே எளிதில் கிடைக்காத பொருள்களை. இரண்டு ஜோடிக் கண்ணாடி, பெரிய அளவு அல்லது மிகச் சிறிய அளவுக் காலணி, பழகிய தொழில் கருவிகள், தினமும் புழங்கும் நல்ல பாத்திரங்கள், நெருக்கமாக நெய்த கொசுவலை, பருத்திப் படுக்கை விரிப்புகள். சின்னச் சின்ன உதிரிகளைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: குக்கர் காஸ்கெட், ஃபில்டர், ரப்பர் வளையம். தீவில் இவற்றுக்கு ஆர்டர் போட்டுவிட்டு அடுத்த கப்பலுக்குக் காத்திருக்க வேண்டிவரும்.

கூலிக் கணக்கு

கப்பலில் பகிர்ந்து அனுப்பும்போது பொதுவாக ஒரு கன மீட்டரோ ஒரு டன்னோ, எது கூடுதலோ அதற்குக் கூலி. வீட்டுச் சாமான் இலேசானது என்பதால் கன அளவுதான் கணக்கில் வரும். 210 × 95 × 85 சென்டிமீட்டர் சோபா ஏறக்குறைய 1.7 கன மீட்டர். அதே இடத்தில் 45 × 30 × 30 பெட்டிகள் நாற்பதுக்கு மேல் அடங்கும். 20 அடி கன்டெய்னரின் உள்கொள்ளளவு சுமார் 33 கன மீட்டர். நடைமுறையில் 25–28 தான் நிரப்ப முடியும். 15க்கு மேல் போனால் தனிக் கன்டெய்னர் விலையையும் சேர்த்துக் கேளுங்கள்.

விமான சரக்கில் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 6,000ஆல் வகுப்பார்கள்; வரும் எண் உண்மையான எடையைவிடக் கூடினால் அத்தனை கிலோவுக்குக் கூலி. கூரியரில் பெரும்பாலும் 5,000. நான்கு கிலோ ரஜாய் 60 × 50 × 40 பையில் விமான சரக்காகப் போனால் 20 கிலோவுக்குக் கூலி கொடுப்பீர்கள்.

பயன்படுத்திய வீட்டுச் சாமான்களுக்குப் பல நாடுகளில் தீர்வை விலக்கு உண்டு. ஆனால் குறிப்பிட்ட காலம் உங்களிடம் இருந்திருக்க வேண்டும், நீங்கள் வந்திறங்கிய குறிப்பிட்ட காலத்துக்குள் சரக்கும் வந்துசேர வேண்டும் என்று நிபந்தனை இருக்கும். அதனால் புறப்படும் முன் புதுச் சாமான் வாங்கிக் குவிப்பது நஷ்டம். விதை, செடி, தேன், மண் ஒட்டிய கடப்பாரை, சேறு ஒட்டிய ஷூ ஆகியவை தாவர, விலங்கு நோய்த்தடுப்புச் சோதனையில் சிக்கும். மரப்பெட்டி அடித்தால் வெப்பமூட்டிய மரம் என்பதற்கான ஐஎஸ்பிஎம் 15 முத்திரை வேண்டும்.

இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது இரண்டு விஷயத்தைக் கேளுங்கள். நீங்களே கட்டிய பெட்டியில் உடைந்ததற்கு நஷ்டஈடு உண்டா? பூசணத்துக்கு உண்டா? இரண்டுக்கும் பல பாலிசிகளில் ‘இல்லை’ என்றே பதில் வரும். கப்பலைக் காப்பாற்ற யாருடைய சரக்கையாவது கடலில் தள்ள நேர்ந்தால், சேதமில்லாத சரக்கின் சொந்தக்காரர்களும் அந்த நஷ்டத்தில் பங்கு கொடுத்தாக வேண்டும். இன்ஷூரன்ஸ் இல்லாவிட்டால் பணம் கட்டும்வரை பெட்டி கைக்கு வராது.

கட்டுவதும் பிரிப்பதும்

கன்டெய்னருக்குள் பகலில் கொதிக்கும், இரவில் கூரையில் நீர் கோத்துச் சொட்டும். எனவே மழைநாளில் கட்டாதீர்கள். ஃபிரிட்ஜைக் கழுவி இரண்டு நாள் கதவைத் திறந்து காயவையுங்கள். வாஷிங் மெஷினில் டிரான்ஸிட் போல்ட் மாட்டாமல் ஏற்றினால் டிரம் ஆடிக் கெட்டுவிடும். துணியை வாக்குவம் பையில் போடும் முன் முழுக்கக் காயவையுங்கள். கொஞ்சம் ஈரம் இருந்தாலும் உள்ளேயே பூசணம் வரும். கால்சியம் குளோரைடு ஈர உறிஞ்சிப் பைகளைச் சாமான் மேல் படாமல் தொங்கவிடுங்கள். அதிலிருந்து கசியும் உப்புநீர் உலோகத்தை அரிக்கும். மெழுகுவர்த்தி, இசைத்தட்டு இரண்டும் சூட்டில் கெடும்.

கைப்பெட்டியில் போக வேண்டியவை: மூல ஆவணங்கள், டாக்டர் சீட்டோடு மூன்று மாத மருந்து, பவர் பேங்க். பவர் பேங்க்கை செக்-இன் பெட்டியில் போட அனுமதியில்லை. பொதுவாக 100 வாட்-மணி வரை கையில் கொண்டுபோகலாம். 20,000 எம்ஏஎச் என்பது ஏறக்குறைய 74 வாட்-மணி. சில தூக்க மாத்திரைகளுக்கும் வலி மாத்திரைகளுக்கும் சில நாடுகளில் முன் அனுமதி வேண்டும்.

சரக்கு வந்ததும் முதல் வாரத்திலேயே எல்லாப் பெட்டியையும் பிரித்துவிடுங்கள். ஈரம் ஊறிய அட்டைப்பெட்டி கரையானுக்கும் கரப்பானுக்கும் வீடு. வெறும் பெட்டிகளை அன்றே வெளியேற்றுங்கள். துணிகளை ஒருநாள் வெயிலில் போட்டு, அலமாரியைச் சுவரிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் தள்ளி நிறுத்துங்கள்.