முதல் வேடர்ஸ் வாங்கப் போகிறவர்களுக்கு

தமிழில் ‘வேடர்’ என்று எழுதியதுமே கண்ணப்பர் வில்லோடு வந்து நின்றுவிடுகிறார். நான் சொல்ல வந்தது வேறு. ஆற்றுக்குள் நின்று மீன் பிடிப்பவர்கள் பாதம் முதல் மார்பு வரை மாட்டிக்கொள்ளும் தண்ணீர் புகாத உடுப்புக்கு ஆங்கிலத்தில் வேடர்ஸ் என்று பெயர். கனடாவில் கால்கரிக்கு வந்து 11 வருடங்கள் ஆகின்றன. அதில் ஏழு வருடங்களாக, பெயரிலேயே ‘போ’ என்று விரட்டும் போ ஆற்றில் டிரவுட் மீனுக்கு, பூச்சி போலக் கட்டிய பொய் இரை மாட்டிய ஃபிளை தூண்டில் வீசுகிறேன். மூன்று வேடர்ஸ் வாங்கியிருக்கிறேன். முதல் இரண்டும் தண்டம்.

திருவாரூர்ப் பக்கம் நாற்று நட்டே பழகிய அம்மா வீடியோவில் ஒருநாள் கேட்டார்: “ஏன்டி, தண்ணீரில் இறங்கவா இவ்வளவு காசு? சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்க வேண்டியதுதானே?” வயல் தண்ணீர் வெயிலில் சூடேறியது, போ ஆறு பனியாற்றில் பிறந்தது. ஏப்ரல் மாதம் கரையோரம் இன்னும் பனிக்கட்டி ஒட்டிக்கொண்டிருக்கும். வெறுங்காலோடு இறங்கினால் சற்று நேரத்தில் பாதம் இருக்கிறதா என்றே தெரியாது. கரையில் நின்றபடியே வீசலாமே என்றால், இந்தத் தூண்டில் கயிறு முன்னே போகும் முன் அதே நீளத்துக்குப் பின்னே போக வேண்டும். பின்னால் வில்லோ புதர் இருந்தால் மீனுக்குப் பதில் இலைதான் மாட்டும்.

முதலில் துணி. நான் முதலில் வாங்கியது 5 மில்லிமீட்டர் நியோப்ரீன், அதாவது முக்குளிப்பவர்கள் அணியும் ரப்பர் போன்ற துணி. “குளிர் நாடு, தடிமனாக எடுங்கள்” என்றார் கடைக்காரர். ஜூலை மாதத்தில் போலீஸ்மேன்ஸ் ஃபிளாட்ஸ் என்ற இடத்தில் காரை நிறுத்திவிட்டு, அதைப் போட்டுக்கொண்டு நாற்பது நிமிடம் நடந்தேன். இட்லிக் கொப்பரைக்குள் உட்கார்ந்தது போல இருந்தது. ஆற்றுத் தண்ணீர் ஒரு சொட்டுகூட உள்ளே வரவில்லை, ஆனாலும் முழுக்க நனைந்திருந்தேன். எல்லாம் என் வியர்வை. பனிக்காலத்தில் அசையாமல் உட்கார்ந்து வாத்து வேட்டையாடுபவர்களுக்கு நியோப்ரீன் சரி. நடந்து நடந்து மீன் பிடிப்பவர்கள், வியர்வையின் ஆவியை வெளியே விட்டுத் தண்ணீரை உள்ளே விடாத கோர்-டெக்ஸ் வகைத் துணியையே வாங்குங்கள். அதற்குச் சொந்தச் சூடு கிடையாது. குளிருக்கு ஏற்ப உள்ளே கம்பளிக் கால்சட்டை ஒன்றோ இரண்டோ போட்டுக்கொள்ள வேண்டும். ஒரே உடுப்பு வருடம் முழுக்க ஓடுவதும் அதனால்தான்.

உயரத்தைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். தொடை வரை, இடுப்பு வரை, மார்பு வரை என மூன்று உண்டு. மார்பு வரை உள்ளதை வாங்கி, வெயில் அடித்தால் மேல்பாதியை இடுப்புக்கு மடித்துவிடுங்கள். தொடை வரை உள்ளதை மேலே இழுக்க முடியாது.

இனி அளவு. காசு வீணாவது பெரும்பாலும் இங்கேதான். என் உயரம் ஐந்தடி இரண்டங்குலம். இரண்டாவது முறை, தள்ளுபடி விலையில் கிடைத்தது என்று ஆண்களுக்கான சிறிய அளவை வாங்கிவிட்டேன். இடுப்பில் பிடித்தது, காலில் ஒரு சாண் மிஞ்சியது. மிஞ்சிய துணி கணுக்காலருகே சுருண்டு, ஒன்றோடொன்று உரசி, அடுத்த வசந்தத்துக்குள் அங்கேயே ஊசித்துளைகள் விழுந்துவிட்டன. வேடர்ஸ் ஒழுகத் தொடங்குவது பெரும்பாலும் இப்படி உரசும் இடங்களில்தான்: கணுக்கால், முழங்காலின் உட்பக்கம், கவட்டுத் தையல்.

ஆகவே கடைக்குப் போகும்போது குளிர்காலத்துக் கம்பளிக் கால்சட்டையையும் தடித்த சாக்ஸையும் கையோடு கொண்டுபோங்கள். அவற்றின் மேல் வேடர்ஸை மாட்டி, ஒரு காலைத் தூக்கி நாற்காலி மேல் வையுங்கள். பிறகு சப்பணமிட்டு உட்காருங்கள், குந்துங்கள், முழங்காலிட்டு எழுந்திருங்கள். கடையில் இருப்பவர்கள் பார்ப்பார்கள், பார்க்கட்டும். கவட்டுத் தையல் இழுத்தால் வேண்டாம். குந்தும்போது முழங்காலில் துணி விறைத்தாலும் வேண்டாம். நல்ல நிறுவனங்கள் ஒரே இடுப்பளவிலேயே குட்டை, நெட்டை என்று பிரித்துத் தைக்கின்றன. பெண்களுக்கென்று தனி வெட்டும் உண்டு. பாத அளவையும் தனியாகக் கேளுங்கள். இந்த உடுப்பின் பாதம் நியோப்ரீன் சாக்ஸாகவே முடியும். அது பெரிதாக இருந்தால் பூட்ஸுக்குள் மடிந்து, இரண்டு மணி நேரத்தில் கொப்புளம் போட்டுவிடும்.

பெண்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும், இதை எந்த விற்பனையாளரும் தானாகச் சொல்வதில்லை. தோள்பட்டைக் கொக்கி முன்பக்கம் இருந்தால், மேல்சட்டையைக் கழற்றாமலே வேடர்ஸை இறக்கிவிடலாம். கழிப்பறையே இல்லாத ஆற்றங்கரையில் எட்டு மணி நேரம் இருக்கும்போது இதன் அருமை தெரியும்.

பூட்ஸும் சேர்ந்தே வரும் வேடர்ஸ் உண்டு. மாட்டவும் கழற்றவும் சுலபம், ஆனால் கணுக்காலுக்குப் பிடிமானம் போதாது. சாக்ஸ் வகையை வாங்கி, பூட்ஸைத் தனியாக வாங்குவதே என் கட்சி. 200 டாலருக்குக் கீழும் வேடர்ஸ் உண்டு, 1000 டாலரைத் தாண்டியும் உண்டு. கையில் 500 இருந்தால் உடுப்பில் கொஞ்சம் குறைத்தாவது நல்ல பூட்ஸ் வாங்குங்கள். உடுப்பு ஒழுகினால் நனைவீர்கள். பூட்ஸ் வழுக்கினால் ஆற்றோடு போவீர்கள். போ ஆற்றின் கற்கள் அம்மிக் குழவியில் விளக்கெண்ணெய் தடவியது போல இருக்கும்.

பூட்ஸை வேடர்ஸ் அணிந்த காலிலேயே போட்டுப் பாருங்கள். வழக்கமான அளவைவிட ஒரு எண் கூடுதலாகத் தேவைப்படும். இறுக்கமான பூட்ஸுக்குள் எத்தனை சாக்ஸ் போட்டாலும் விரல்கள் விறைக்கும். விரல் அசைய இடம் வேண்டும். அடிப்பாகம் இரண்டு வகை: இழைகளை அழுத்திச் செய்த ஃபெல்ட், ரப்பர். பாசிக்கல்லில் ஃபெல்ட் நன்றாகப் பிடிக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதன் இழைகளுக்குள் ஈரமும் சேறும் நாள்கணக்கில் தங்கும். அவற்றோடு ஒரு ஆற்றின் கிருமி அடுத்த ஆற்றுக்குப் பயணம் செய்யும். டிடிமோ என்ற பாசி பரவியதால் நியூசிலாந்து 2008-ல் ஃபெல்ட் அடியைத் தடை செய்தது. எங்கள் பக்கத்தில் பான்ஃப் தேசியப் பூங்காவின் ஜான்சன் ஏரியில், டிரவுட் குஞ்சுகளைச் சுழன்று சுழன்று நீந்த வைக்கும் ஒட்டுண்ணி நோய் 2016-ல் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் வித்துகள் சேற்றில் வாழ்பவை. நான் ரப்பர் அடி வாங்கி, உலோக ஆணிகளைத் திருகிக்கொண்டேன். பனியில் நடந்தால் ஃபெல்ட்டில் பனி கட்டிகட்டியாக ஒட்டி உயர்ந்த குதிகால் செருப்பு போலாகிவிடும். ரப்பரில் அந்தத் தொல்லை குறைவு. நண்பரின் படகில் ஏறும் முன் மட்டும் ஆணியைப் பற்றிச் சொல்லிவிடுங்கள், தளம் கீறும்.

இடுப்புப் பெல்ட் வேடர்ஸோடு சும்மா வரும். சும்மா வந்தது என்று வீட்டில் போட்டுவிடாதீர்கள். வேடர்ஸுக்குள் தண்ணீர் புகுந்தால் இரும்பு போலக் கீழே இழுத்துவிடும் என்பது தவறு. தண்ணீருக்குள் தண்ணீருக்குப் பாரம் இல்லை. ஆனால் நிரம்பிய வேடர்ஸோடு நீந்துவதும் கரையேறுவதும் பெரும்பாடு. இறுக்கிக் கட்டிய பெல்ட், தண்ணீர் கீழே இறங்குவதைத் தாமதப்படுத்தும்.

முட்கம்பியைத் தாண்டும்போது ஒருநாள் கிழியத்தான் போகிறது. எங்கே துளை என்று தெரியாவிட்டால், உள்பக்கத்தை வெளியே திருப்பி, மருந்துக் கடையில் விற்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தெளியுங்கள். கோர்-டெக்ஸ் வகைத் துணியில் துளை உள்ள இடம் கருத்த புள்ளியாகத் தெரியும். அதன் மேல் வேடர்ஸுக்கென்றே விற்கும் பசையை ஒரு காசு அகலத்துக்குத் தடவி, ஒரு இரவு காயவிட்டால் போதும். வீடு திரும்பியதும் உள்ளும் புறமும் உலர்த்துங்கள். என் கணவர் ஒருமுறை நான்கு நாள் கார் டிக்கியிலேயே மறந்துவிட்டார். கருவாட்டுப் பானைக்கு வாய் முளைத்தது போல இருந்தது அந்த நாற்றம்.

ஜூலை கடைசியில் வெயில் முப்பதைத் தொடும் நாள்களில் நான் வேடர்ஸே எடுத்துப்போவதில்லை. பழைய நைலான் கால்சட்டை, தனியாக வாங்கிய நியோப்ரீன் சாக்ஸ், அதே ஆணி பூட்ஸ். முழங்கால் வரை நனைந்தபடி நின்ற படத்தை அம்மாவுக்கு அனுப்பினேன். “இதைத்தானே நான் அன்றைக்கே சொன்னேன்” என்று பதில் வந்தது.